ஒரு தாளை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம்

 

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை. வியாசர்பாடியில் எங்கள் மதரஸாவில் அஸர் தொழுகைக்குப் பிந்திய வகுப்பு முடிந்து, பிள்ளைகள் வாசலில் தத்தம் செருப்பைத் தேடி ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்த நேரம். ஓர் அம்மையார் தூணோரமாக வந்து நின்றார். பிள்ளைகள் எல்லாரும் போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அவருடைய மகனுக்கு வளைகுடா நாடொன்றில் வேலை உறுதியாகி, விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையும் நடந்திருக்கிறது. இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகக் கூறித் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டார்கள். அந்நாடுகளின் விதி அப்படி. அதில் நாம் வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மையாரின் கவலையோ விசாவைத் தாண்டிப் போயிருந்தது.

"ஹஜ்ரத்! இதில் நாலாயிரத்துச் சொச்சம் என்று போட்டிருக்கிறது. ஒன்றுக்கு மேல் இருந்தாலே நோய் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் என் பிள்ளைக்கு நாலாயிரம் மடங்கு முற்றிவிட்டதா?"

அதற்குள் வீட்டில் அவனுக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய் வந்துவிட்டன. நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டாருக்கு இன்னும் எதுவும் தெரியாது. அந்த ஓர் எண் செய்த வேலை இவ்வளவு!

அவருக்கு அன்று திண்ணையில் அமர்ந்து சொன்னதையே, அவருடைய சம்மதத்தோடு, இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இங்குள்ள அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. படித்துவிட்டு, அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன். ஆயினும் 2009-ஆம் ஆண்டிலிருந்து இதே நோயோடு வாழ்ந்து வருகிறேன். இந்தப் பக்கத்தில் எத்தனையோ எழுதியும் இதை மட்டும் சொன்னதில்லை. கூச்சமே காரணம், வேறென்ன?

முதலில் அந்த நாலாயிரத்தைத் தீர்த்துவிடுவோம். எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று தாளில் காண்பது ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தின் பெயர். அது இரத்தத்தில் இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதோடு இச்சோதனையின் வேலை முடிந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்து இயந்திரம் இரத்தத்தில் எழும் ஓர் ஒளியை அளந்து, வரையறுத்த எல்லையை அது எத்தனை மடங்கு தாண்டியது என்று அச்சிடும். எல்லை 1. தாண்டினால் 'ரியாக்டிவ்', தாண்டாவிட்டால் 'நான் ரியாக்டிவ்'. எல்லையை ஒட்டி நூலிழையில் தாண்டியிருந்தால் மறுபடி சோதித்து உறுதி செய்துகொள்வார்கள். மற்றபடி நானூறு என்றாலும் நாலாயிரம் என்றாலும் அதன் பொருள் 'இருக்கிறது' என்ற ஒரே சொல்தான். கிருமி எவ்வளவு பெருகியிருக்கிறது, ஈரல் எந்த நிலையில் உள்ளது என்பவற்றுக்கு அந்த எண்ணில் விடை கிடையாது. இந்தப் புரதத்தின் அளவையே அறிவதற்கு வேறொரு சோதனை உண்டு. அதில் எண்ணுக்குப் பக்கத்தில் ஐ.யூ. என்ற அலகு இருக்கும். எந்தத் தாளையும் வாங்கியவுடன் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். பாதிப் பதற்றம் அங்கேயே தணிந்துவிடும்.

சில ஆய்வுக்கூடங்கள் இன்றும் இதை 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்றே அச்சிடுகின்றன. ஏதோ புது நோய் என்று அஞ்ச வேண்டாம். அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பெர்க் 1960-களில் மனிதரின் இரத்தப் புரதங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் இந்தப் புரதம் அகப்பட்டது. இன்னதென்று புரியாமல், கிடைத்த நாட்டின் பெயரையே சூட்டி 1965-இல் வெளியிட்டார். அது ஈரல் அழற்சிக் கிருமியின் உறை என்பது அடுத்த சில ஆண்டுகளில்தான் துலங்கியது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் நாளே உலக ஹெபடைட்டிஸ் தினமாக வைக்கப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்தவருக்கே சில ஆண்டுகள் பொருள் விளங்காத ஒரு தாள், நமக்கு ஒரே பார்வையில் விளங்காமற்போவதில் வியப்பென்ன?

என் கதைக்கு வருகிறேன். 2009-இல் ஓர் இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்தேன். சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, நேரில் வரச்சொல்லிச் சொன்னார்கள். உடம்பில் ஒரு நோவும் இல்லை. வீட்டார் ஒவ்வொருவரையும் சோதிக்கச் சொன்னார் மருத்துவர். அம்மாவுக்கு இருந்தது, தம்பிக்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை. அப்போதுதான் எங்கள் தாய்மாமாவின் நினைவு வந்தது. 1996-இல் வயிறு வீங்கி, கால் வீங்கி, இரத்த வாந்தி எடுத்து இறந்தார். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். ஈரல் கெட்டால் குடிகாரன் என்பதுதானே தெருவின் கணக்கு? ஒரு சொட்டு மது அறியாத மனிதர். அவருடைய ஜனாஸாவுக்கு வந்தவர்களிலேயே சிலர் காதோடு காதாகப் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன். அன்று யாரும் அவருக்கு இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்கவில்லை. செய்திருந்தால் என் அம்மாவுக்கும் எங்களுக்கும் பதின்மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தெரிந்திருக்கும்.

பிறக்கும்போது தாயிடமிருந்து இக்கிருமி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. வளர்ந்த பின் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவாகவே தங்கும். மற்றவர்களின் உடல் தானே அதை விரட்டிவிடும். ஆகவே ஓர் இளைஞனுக்கு இது இருக்கிறதென்றால் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதற்கு முன் அவனுடைய தாயையும் உடன்பிறந்தாரையும் சோதித்துப் பாருங்கள். சவரக்கத்தி, ஒழுங்காகக் கொதிக்கவைக்காத ஊசி, பலருக்கு ஒரே கத்தியால் செய்த சுன்னத், ஒரே பிளேடால் கீறிய ஹிஜாமா, உம்ராவில் வரிசையாகப் பலருக்குத் தலை மழித்த சவரகர், இவற்றில் எதன் வழியாகவும் வந்திருக்கலாம். தட்டிலும் குவளையிலும் பாயிலும் இது பரவாது. ஒரே தட்டில் உண்பதும், கட்டியணைப்பதும், முஸாஃபஹா செய்வதும் தடையில்லை. பல் துலக்கியும் சவர பிளேடும் நகவெட்டியும் மட்டும் தனியே இருக்கட்டும்.

இனித் தாள்களுக்குத் திரும்புவோம். ஆறு மாதத்துக்கு மேலும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. இரத்தத்தில் நீடித்தால் அதை நாட்பட்ட தொற்று என்கிறார்கள். புதிதாக வந்ததா, பழையதா என்பதறிய 'ஆன்டி எச்.பி.சி. ஐ.ஜி.எம்.' என்ற சோதனையைச் சேர்த்துக் கேட்பார்கள். அதே பெயர் ஐ.ஜி.எம். இல்லாமல் 'டோட்டல்' என்று வந்தால், வாழ்வில் எப்போதோ ஒருமுறை கிருமி உடலைத் தொட்டிருக்கிறது என்பது பொருள். 'ஆன்டி எச்.பி.எஸ்.' என்பது வேறு; அது பாதுகாப்புத் தரும் எதிர்ப்பொருள். தடுப்பூசி போட்டவர்களுக்கு அது 10-க்கு மேல் இருந்தால் நல்ல செய்தி. இந்த 'ஆன்டி' என்ற ஒட்டைக் கவனிக்காமல், தடுப்பூசி போட்ட ஒரு மருமகளுக்கு நோய் இருப்பதாக மாமியார் முடிவுகட்டிய கதையும் எங்கள் தெருவில் நடந்ததுண்டு! 'பாசிட்டிவ்' என்ற சொல் எல்லா வரியிலும் கெட்ட சொல் அன்று.

அடுத்து எஸ்.ஜி.பி.டி.; சில தாள்களில் ஏ.எல்.டி. என்றிருக்கும். ஈரல் செல்கள் காயப்படும்போது இரத்தத்தில் கசியும் நொதி இது. நம் வீடுகளில் நடக்கும் பெருந்தவறு இதில்தான். 'மஞ்சள் காமாலை இருக்கிறதா?' என்று கேட்டு, பிலிருபின் 0.8 என்று கண்டதும் 'ஒன்றுமில்லை' என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காமாலையே வருவதில்லை. பிலிருபின் ஆண்டுக்கணக்கில் சரியாகவே இருக்கும். அந்தக் காலம் முழுவதும் ஈரல் உள்ளே தழும்பேறிக்கொண்டும் இருக்கலாம். கண் மஞ்சளாகும்வரை காத்திருப்பவர் வெகு தாமதமாக வருகிறார்.

எஸ்.ஜி.பி.டி.க்கு ஆய்வுக்கூடங்கள் அச்சிடும் மேலெல்லையும் ஒன்று போலிராது. ஒன்றில் 40, ஒன்றில் 45, இன்னொன்றில் 56. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்றே வைத்திருக்கிறது. ஆகவே 48 என்ற எண்ணுக்கு எதிரே நட்சத்திரக் குறி இல்லை என்பதற்காக ஒரு பெண்மணி நிம்மதி கொள்ள முடியாது; மருத்துவரிடம் காட்டவேண்டும். மறுபுறம், இந்த எண் உயர்ந்தால் எல்லாம் கிருமியின் வேலை என்றும் சொல்லமுடியாது. ஈரலில் கொழுப்புப் படிவது, காசநோய் மருந்துகள், பெயர் தெரியாத லேகியங்கள் இவற்றாலும் உயரும். பிரியாணிக்கும் சர்க்கரை நோய்க்கும் பேர்போன நம் குடும்பங்களில் கொழுப்பேறிய ஈரலுக்குப் பஞ்சமா என்ன?

எங்கள் பகுதியார்க்கு விளங்கும்படி ஒன்று சொல்வேன். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்குவதை வியாசர்பாடிக்காரர் யாவரும் பார்த்திருக்கிறார்கள். முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் சொல்கிறார். அது ஏறிக்கொண்டிருக்கிறதா, வடிந்துகொண்டிருக்கிறதா? அந்த ஒரு பார்வையில் சொல்லமுடியாது. ஒரு மணி நேரம் முன்னர் இடுப்பளவு நின்றிருந்தால் இப்போது ஆறுதல். கணுக்காலளவு நின்றிருந்தால் இப்போது ஆபத்து. எஸ்.ஜி.பி.டி.யும் இப்படித்தான். என் கோப்பில் 2012-இல் 31, அடுத்து 38, அதற்கடுத்து 64, பிறகு 81. தனித்தனியே பார்த்தால் எதுவும் அச்சமூட்டும் எண்ணன்று. அடுத்தடுத்து வைத்துப் பார்த்த மருத்துவர்தாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் உடனே கேட்டது எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. 'வைரல் லோடு' என்று மக்கள் சொல்வது இதைத்தான். ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் கிருமியின் மரபுப்பொருள் எத்தனை அலகு என்று இது எண்ணிச் சொல்லும். இதில் எண்கள் இரண்டு இலக்கத்திலும் வரும், ஒன்பது இலக்கத்திலும் வரும். ஆகையால் இதைக் கூட்டல் கணக்காகப் பார்க்காமல் பத்து மடங்குக் கணக்காகப் பார்க்கவேண்டும். போன முறை 800, இம்முறை 1,300 என்றால் அது ஏற்றமே ஆகாது. சோதனைக்குச் சோதனை அவ்வளவு ஊசலாட்டம் இயல்பு. 800 என்பது 46,000 ஆனால் அது ஏற்றம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. 2,000 என்பது மருத்துவர்கள் கண்வைக்கும் ஓர் எல்லை: அதற்கு மேல் டி.என்.ஏ.யும், கூடவே உயர்ந்த எஸ்.ஜி.பி.டி.யும் இருந்தால் மருந்து தொடங்குவது பற்றிப் பேசுவார்கள். ஈரலில் கணிசமான தழும்பு ஏற்பட்டுவிட்டவர்களுக்கு அந்த எல்லைக்குக் காத்திராமலே தொடங்குவார்கள். பழைய தாள்களில் 'காப்பீஸ்' என்ற அலகு இருந்தால் புதிய தாளோடு நேரே ஒப்பிட வேண்டாம், ஓர் ஐ.யூ. ஏறத்தாழ ஐந்து காப்பீஸுக்குச் சமம். இதை அறியாமல், கிருமி ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று ஒரு நண்பர் மகிழ்ந்தே போனார்.

எச்.பி.இ.ஏ.ஜி. என்று இன்னொரு வரி உண்டு. 'எஸ்' இருக்கும் இடத்தில் 'இ'. இது பாசிட்டிவ் என்றால் கிருமி மும்முரமாகப் பெருகுகிறது, பிறருக்கு எளிதில் தொற்றும் என்பது பொருள். நெகட்டிவ் என்றால் பொதுவாக அடங்கியிருக்கிறது. ஆனால் இந்தப் புரதத்தை உண்டாக்காமலே பெருகும் உருமாறிய கிருமிகளும் உள்ளன, எனக்கிருப்பது அத்தகையதே. அதனால் 'இ' நெகட்டிவ் என்ற வரியை மட்டும் நம்பி டி.என்.ஏ. சோதனையைத் தவிர்ப்பது சரியன்று.

நம் வீடுகளில் ஈரல் என்றதும் கைக்கு வருவது கீழாநெல்லி. அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்காத பாட்டி உண்டா? இந்தச் செடிக்கும் நம் சென்னைக்கும், இதே எச்.பி.எஸ்.ஏ.ஜி. தாளுக்கும் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் நாட்பட்ட தொற்றுடையோருக்குக் கீழாநெல்லி மருந்தை முப்பது நாள் கொடுத்துச் சோதித்தார்கள். முன்சொன்ன பிளம்பெர்க்கும் அதில் பங்கு கொண்டார். 1988-இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் முடிவு வெளியாயிற்று. மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்கு, மருந்து முடிந்து பதினைந்து, இருபது நாளில் சோதித்தபோது எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்திருந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் மருத்துவர்கள் அதே செடியின் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கெல்லாம் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வாளர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இது முன்னோட்ட ஆய்வு என்று அவர்களே எழுதினார்கள். நாம்தாம் பின்பாதியைக் கேளாமல் முன்பாதியை மட்டும் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தண்ணீராலும் உணவாலும் வரும் சாதாரணக் காமாலை சில வாரங்களில் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். அந்தப் புகழும் கீழாநெல்லிக்கே போய்ச் சேரும். நாட்பட்ட பி தொற்றிலோ எச்.பி.எஸ்.ஏ.ஜி. தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு நேர்ந்தால் அதிகம். ஆகவே ஒரு தாளில் நெகட்டிவ் என்று வந்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் சோதியுங்கள்.

நம்பியதால் கெட்ட கதை என்னிடமே உண்டு. அதில் கீழாநெல்லிக்குப் பங்கில்லை. 2014-இல் எனக்கு டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஒன்று, நோன்பு மாதத்தில் இஃப்தாருக்குப் பின் விழுங்கிவிடுவேன். (என்டெகாவிர் உண்பவர்கள் வெறும் வயிற்றில், உணவுக்கு இரண்டு மணி நேர இடைவெளியோடு உண்ணவேண்டும், ரமளானுக்கு முன்னரே மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.) இரண்டாண்டில் டி.என்.ஏ. தாளில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று வந்தது. கண்டறியப்படவில்லை! பிறகு ஒவ்வொரு தாளிலும் அதே வரி. 2020-இல் ஊரடங்கு. மாத்திரை தீர்ந்தது. வெளியே போக அச்சம். கிருமிதான் இல்லையே என்ற எண்ணம். எட்டு மாதம் உண்ணவில்லை.

2021 சனவரியில் ஒரு ஃபஜ்ருக்கு ஒளுச் செய்யும்போது கண்ணாடியில் கண் மஞ்சளாக இருந்தது. எஸ்.ஜி.பி.டி. 740. பிலிருபின் 6. பதினோரு நாள் படுக்கை. மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டிலின் ஓரத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. குற்றம் முழுவதும் என்னுடையதே. அந்த வரியின் பொருளை அப்போதுதான் மருத்துவர் எனக்கு விளக்கினார். மருந்து அச்சு இயந்திரத்தை நிறுத்துகிறது. அதனால் இரத்தத்தில் புதுப் பிரதிகள் இல்லை. மூலப் பிரதி ஈரல் செல்லின் உட்கருவுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. காவலை எடுத்தால் இயந்திரம் ஓடத் தொடங்கும். அதே தாளில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. இன்னும் ரியாக்டிவ் என்றே இருந்ததை நான் படிக்கவே இல்லை. மருந்தை நிறுத்துவதா என்பது மருத்துவர் பல தாள்களைப் பார்த்துச் சொல்லவேண்டிய முடிவு. வேறு நோய்க்காகப் புற்றுநோய் மருந்தோ, ஸ்டீராய்டோ எடுக்கவேண்டி வந்தால், பழைய தொற்று என்றாலும் முன்கூட்டியே அந்த மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். அடங்கியிருப்பது அப்போது எழும்பக்கூடும்.

ஈரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதை மேற்கண்ட எதுவும் நேரடியாகச் சொல்லாது. அதற்கு ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி உண்டு, வலியில்லை. அது கிடைக்காத இடத்திலும் சாதாரண இரத்த அணுச் சோதனையில் உள்ள பிளேட்லெட் எண்ணைப் பாருங்கள். டெங்கு காலத்தில் மட்டும் நாம் தேடும் எண் அது. காய்ச்சல் எதுவுமில்லாமலே 2,40,000, 1,90,000, 1,40,000 என்று ஆண்டுக்காண்டு இறங்கினால் ஈரல் இறுகி மண்ணீரல் வீங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். அல்புமின் 3.5-க்குக் கீழே போவதும், இரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். ஒன்றிலிருந்து ஏறுவதும் ஈரல் தன் வேலையைச் செய்யத் திணறுவதைக் காட்டும். ஈரல் இறுகியவர்களும், குடும்பத்தில் ஈரல் புற்று கண்டவர்களும், நாற்பதைத் தாண்டிய ஆண்களும் ஆறு மாதத்துக்கொருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கவேண்டும், ஏ.எஃப்.பி. என்ற இரத்தச் சோதனையும் உடன் செய்வார்கள். அது சற்று உயர்ந்தாலே புற்று என்று அலற வேண்டியதில்லை. உயராததாலேயே ஸ்கேனைத் தவிர்க்கவும் கூடாது. டெனோஃபோவிர் உண்பவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கவனிக்கக் கிரியாட்டினின் வரியும் முக்கியம்.

சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. இருக்கும். அது ரியாக்டிவ் என்றால் அந்தத் தாளைக் கணவர் வீட்டாருக்கு அஞ்சி மறைக்காதீர்கள். மறைத்தால் குழந்தைக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமற்போகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி. பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் பென்டாவேலன்ட். 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழகத்திலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி அது. தாயின் டி.என்.ஏ. இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே டெனோஃபோவிர் தொடங்குவார்கள். தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். தடுப்பூசிகள் முடிந்த பின் குழந்தைக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் சோதித்தால், தொற்றவில்லை என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். என் தம்பி மகளுக்கு அவ்வாறு செய்தோம். ஆன்டி எச்.பி.எஸ். 340. பாட்டியிடம் தொடங்கிய சங்கிலி பேத்தியிடம் அறுந்தது.

செலவுக்கு அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: மத்திய அரசு 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைகளும் மாத்திரைகளும் இலவசம். வடசென்னையினர்க்குக் கைக்கெட்டும் தூரத்தில், பழைய சிறைச்சாலைச் சாலையில், ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. ஆதாரமும் பழைய தாள்களும் கொண்டு போய்க் கேளுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது, வரிசை நீளம்.

அந்த அம்மையாரின் மகன் மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் தானே என்னிடம் வந்தான். இருபத்தாறு வயது. என்னுடைய கோப்பை அவன் முன் விரித்துவைத்தேன். 740 எழுதியிருந்த தாளை வெகுநேரம் பார்த்தான். "ஹஜ்ரத், இதற்குப் பிறகுமா நீங்கள் பள்ளிவாசல் மாடிப்படி ஏறுகிறீர்கள்?" என்றான். அவனுடைய சோதனைகள் மூன்று வாரத்தில் வந்தன. எஸ்.ஜி.பி.டி. 27. டி.என்.ஏ. 640. 'இ' நெகட்டிவ். பிளேட்லெட் 2,60,000. இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பியிருக்கிறார் மருத்துவர். தாய்க்கும் சோதனை நடந்தது, அவருக்கும் இருக்கிறது. தனித் தட்டு பரணுக்குப் போய்விட்டது.

பெண் வீட்டாரிடம் யார் சொல்வது என்பதில்தான் வீட்டில் பெரும் வாதம். சொல்லாமலே நிக்காஹை முடித்துவிடலாம் என்று உறவினர் சிலர் யோசனை கூறினார்கள். அவன் இணங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு முதலில் சோதனை, இல்லையென்றால் ஆறு மாதத்தில் மூன்று தடுப்பூசி, எதிர்ப்பொருள் 10-ஐத் தாண்டியதா என்று ஒரு தாள், அதன் பிறகு அஞ்ச ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டான். போன ஞாயிறன்று அதையும் தன் நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு, புளியந்தோப்பில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போனான். பெண்ணின் தகப்பனார் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். தேநீர் வந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்றார். இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை.